நாய் முலையில் கட்டியா? மருந்துக்கு முன்னும் பின்னும்

பெட்டை நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் விரலால் மெல்ல உருட்டிப் பாருங்கள். பின்காலை ஒட்டிய கடைசி இரண்டு ஜோடியில்தான் கட்டி அதிகம் வரும், பட்டாணி அளவு தட்டுப்பட்டாலே டாக்டரிடம் போய்விடுங்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரே, பெரும்பாலும் அறுவை சிகிச்சை, வெட்டியெடுத்த கட்டி, புற்றுநோயா என்று பார்க்க பயாப்ஸிக்கு. மருந்து அப்புறம்தான். பைராக்ஸிகாம், ஃபைரோகாக்ஸிப் போன்ற வலி, வீக்க மருந்துகள் கட்டி வளரத் துணைபோகும் காக்ஸ்-2 என்சைமைத் தடுக்கும். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து செல் பிரிவதையே முடக்கும், ஆனால் இதயத்தையும் பதம்பார்க்கும். இந்த மருந்துகள் கட்டி பரவுவதை நிச்சயம் நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைராக்ஸிகாம் கொடுக்கும் நாட்களில் மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் கிடக்கிற இப்யூபுரூஃபனைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.