குடும்பத் தொழிலுக்கு ஓர் அமைப்பு வரைபடம்: யார் யாரிடம் கேட்பது?

திருகோணமலையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தொழில் ஒரே பெயரில் நடக்கிறது. நகரத்துக்குள் ஹார்ட்வெயார் கடை, கன்னியாப் பக்கம் சீமெந்துக் கல் அரியும் வளவு, உப்புவெளியில் சீசனுக்கு வாடகைக்கு விடும் அறைகள். கடை மட்டும் இருந்த காலத்தில் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் முடிந்துவிடும். மூன்றும் சேர்ந்த பிறகு "இதை யாரிட்ட கேக்கிறது?" என்பதே ஒரு நாளின் பாதி வேலையாகிவிட்டது. அதை எப்படி ஒழுங்குபடுத்தினோம் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வியாபாரப் பெயர்ப் பதிவு, வரி இலக்கம் எல்லாம் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இப்போது இருப்பதை வரையுங்கள்

இருக்க வேண்டியதை வரைய வேண்டாம், அது பிறகு. முதலில் ஒரு பெரிய தாள், பென்சில், ஒட்டுகிற சின்னத் துண்டுகள். ஆளுக்கு ஒரு துண்டு. கணினியில் வரையும் செயலிகள் நிறைய உண்டு, ஆனால் தொடக்கத்தில் தொடாதீர்கள். அழகான பெட்டியாக வந்துவிட்டால் அதை மாற்ற யாருக்கும் மனம் வராது. எல்லாம் முடிந்த பிறகு டிரோ.ஐஓவில் (draw.io) வரைந்து அச்சடித்துக்கொள்ளலாம், அது இலவசம், போதும்.

பதவிப் பெயரை எழுத வேண்டாம். எங்கள் இடத்தில் நான்கு பேருக்கு 'மனேஜர்' என்ற பட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். லீவு வேண்டுமென்றால் யாரிடம் சொல்வீர்கள்? வாடிக்கையாளர் விலை குறைக்கச் சொன்னால் யாரைக் கேட்பீர்கள்? சாமான் பிழையாக வந்தால் முதல் போன் யாருக்கு? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் ஒரு கோடு. வேறு வேறு பெயர் வந்தால் அத்தனை கோடும் போடுங்கள். படம் சிலந்தி வலை மாதிரி வந்தாலும் பரவாயில்லை.

வட்ஸ்அப் குழுக்களையும் பாருங்கள். யார் எந்தக் குழுவில் இருக்கிறார், யார் எழுதினால் மற்றவர்கள் உடனே பதில் போடுகிறார்கள் என்பதில் உங்கள் நிறுவனத்தின் உண்மையான அமைப்பு தெரிந்துவிடும். எங்கள் கல் வளவுக் குழுவில் அறைகளைப் பார்க்கும் அக்கா இருந்தார். ஏன் என்று கேட்டால், சம்பளம் போடுவது அவர்தான்!

படி 2: பங்கு வேறு, வேலை வேறு

இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, மற்றதில் யார் என்ன வேலை செய்கிறார்.

பங்குத் தாளில் உங்கள் சட்ட வடிவமும் வரும். தனி ஆள் வியாபாரமா, பங்குடைமையா, கம்பனியா? முதல் இரண்டிலும் கடன் வந்தால் சொந்தச் சொத்து வரை போகும். பங்குடைமையில் ஒரு பங்காளர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பு. 1,000 ரூபாவுக்கு மேல் முதல் போட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்த ஆயிரம் இன்னமும் ஆயிரம்தான், ஆகவே வாய்ப்பேச்சுப் பங்குடைமையை நம்பி இருக்காதீர்கள். தனியார் கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். ஒரே ஒரு பங்குதாரரோடும் தொடங்கலாம், கம்பனிச் செயலாளர் ஒருவர் கட்டாயம்.

பங்கு வைத்திருப்பவர் எல்லாம் கட்டளை போடுபவர் இல்லை என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள். மொத்தம் 99. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 லங்கா ஐஓசியிடம் (இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளை), 24 அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இருவரும் சேர்ந்து அமைத்த கம்பனியிடம். அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். பங்கைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் ஒரு குதத்துக்குப் பெயின்ற் அடிக்க யார் ஆள் அனுப்புவது என்பதை அந்த 51-49 சொல்லாது. அதற்கு இயக்குநர் சபை, அதற்குக் கீழே முகாமை என்று தனி அடுக்கு வேண்டும்.

குடும்பத்திலும் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கால் பங்கு உண்டு. இலாபத்தில் கால் பங்கு அவருக்குப் போகட்டும். கடைப் பொடியனுக்குப் போன் எடுத்து வேலை சொல்ல அந்தக் கால் பங்கு போதாது.

படி 3: எப்படிப் பிரிப்பது

பெரிய வழிகள் இரண்டு. வேலை வகைப்படி: வாங்குவது ஒருவர், விற்பது ஒருவர், கணக்கு ஒருவர். அல்லது தொழில்படி: கடைக்கு ஒரு பொறுப்பாளர், வளவுக்கு ஒருவர், அறைகளுக்கு ஒருவர், ஒவ்வொருவரும் தன் பக்கத்து வாங்கலையும் விற்பனையையும் தானே பார்ப்பது.

ஒரே மாதிரிச் சாமான் விற்கிற கடைக்கு முதல் வழி போதும், செலவும் குறைவு. தொழில்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாவிட்டால் இரண்டாவது. அமெரிக்காவின் டூபோன் கம்பனி வெடிமருந்து செய்து வளர்ந்தது. பிறகு பெயின்ற், சாயம் என்று இறங்கியபோது பழைய வாங்கல்-உற்பத்தி-விற்பனைப் பிரிப்பு கைகொடுக்கவில்லை. 1921இல் பொருள்வாரிப் பிரிவுகளாக மாறியது. வெடிமருந்து வாங்குபவரும் வீட்டுக்குப் பெயின்ற் வாங்குபவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லையே. சீமெந்துக் கல் வாங்கும் மேசன்பாசும் நிலாவெளிக் கடலுக்கு வரும் வெள்ளைக்காரரும் அப்படித்தான். ஆகவே நாங்கள் இரண்டாவது வழிக்குப் போனோம், கணக்கை மட்டும் பொதுவில் வைத்தோம்.

ஒருவருக்குக் கீழே நேரடியாக எத்தனை பேர்? கிரைகூனாஸ் என்பவர் 1933இல் ஒரு கணக்குப் போட்டார். ஐந்து பேரை மேற்பார்க்கும்போது கவனிக்க வேண்டிய உறவுகள் (தனித்தனியாக, கூட்டாக, அவர்களுக்குள் என்று எல்லாம் சேர்த்து) 100, ஆறாவது ஆள் வந்ததும் 222. கல் அரிவது போல எல்லோரும் ஒரே வேலை செய்தால் பத்துப் பேரையும் ஒருவர் பார்க்கலாம், அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் பெரியப்பாவுக்குக் கீழே நேரடியாகப் பதின்மூன்று கோடு ஏன் கூடாது என்று விளக்க இந்த 222 நன்றாக உதவியது.

படி 4: ஒருவருக்கு ஒரு பொறுப்பாளர்

எங்களுக்கு அதிக நாள் இழுபட்ட இடம் இது.

முதல் சிக்கல் லொறி. ஒரே லொறி, ஒரே சாரதி. கடைக்காரர் கம்பி ஏற்றச் சொல்வார், வளவிலிருந்து கல் ஏற்றச் சொல்வார்கள், உப்புவெளியிலிருந்து காஸ் சிலிண்டர் கேட்பார்கள். மூவரும் 'உடனே' என்பார்கள். யாருடைய குரல் உரத்ததோ அவருடைய சாமான் முதலில் போகும். பெரிய கம்பனிகளில் ஒருவருக்கு வேண்டுமென்றே இரண்டு மேலாளர் வைக்கும் அமைப்பும் உண்டு, ஆனால் அதற்கு வாராவாரம் உட்கார்ந்து பேசும் பழக்கம் வேண்டும். சின்ன இடத்தில் தவிருங்கள். நாங்கள் சாரதியைக் கடைக் களஞ்சியப் பொறுப்பாளருக்குக் கீழே போட்டோம். மற்ற இரு பக்கமும் முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் ஒரு கொப்பியில் தேவையை எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்தந்தப் பிரிவின் கணக்கில் வாடகை. வாடகை எழுதத் தொடங்கியதும் 'உடனே'க்கள் பாதியாகக் குறைந்தன.

இதே விடயம் விலையிலும் வரும். வளவிலிருந்து கடைக்குக் கல் என்ன விலைக்குப் போகிறது? அடக்க விலைக்குக் கொடுத்தால் இலாபம் முழுக்கக் கடையில் தெரியும், வெயிலில் நின்று வளவைப் பார்ப்பவர் ஒன்றும் சம்பாதிக்காதவர் போல் ஆகிவிடுவார். வெளியாளுக்கு விற்கும் மொத்த விலையையே உள்ளேயும் போடுங்கள்.

இரண்டாவது சிக்கல் உறவுமுறை. வளவுக்குப் பொறுப்பு மச்சான். பெரியப்பா போகிற வழியில் இறங்கி, கலவையில் மண் கூடிவிட்டது என்று நேரே வேலையாட்களிடம் சொல்லிவிடுவார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த நாள் மச்சான் சொல்வதை யாரும் காதில் போட மாட்டார்கள். ஒருவர் ஒருவரிடமிருந்தே கட்டளை பெற வேண்டும் என்று பிரான்சில் ஒரு சுரங்கக் கம்பனியை நடத்திய ஹென்றி ஃபயோல் 1916இலேயே எழுதியிருக்கிறார். பெரியப்பாவிடம் ஃபயோலைப் பற்றிப் பேச முடியுமா? நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "நீங்கள் யாரிட்டயும் எதையும் கேக்கலாம். செய்யச் சொல்றதை மட்டும் மச்சானிட்ட சொல்லுங்கோ." கேட்பதற்குத் தடை இல்லை என்றதும் ஒத்துக்கொண்டார்.

பிறகு முடிவுப் பட்டியல். இதை எக்செலில் போடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று நிரல்: யார் தானாக முடிவெடுக்கலாம், எந்தத் தொகைக்கு மேல் யாரைக் கேட்க வேண்டும், முடிந்த பிறகு யாருக்குச் சொன்னால் போதும். கடன் கொடுப்பது, விலை குறைப்பது, ஆள் எடுப்பது, காசோலை எழுதுவது, திருத்த வேலை: இந்த ஐந்தும் இருந்தாலே பெரும்பாலான சண்டை அடங்கும். கடனுக்குத் தொகையோடு நாளையும் எழுதுங்கள். ஐம்பதாயிரம் கடன் பிரச்சினை இல்லை, அது மூன்று மாதம் கிடந்தால்தான் பிரச்சினை. வரைபடமா பட்டியலா ஒன்றுதான் செய்ய நேரம் என்றால் பட்டியலைச் செய்யுங்கள்.

படி 5: கடதாசி வேலை

உள் அமைப்பை மாற்ற யாரிடமும் அனுமதி தேவையில்லை. சட்ட வடிவத்தை மாற்றினால்தான் வேலை. பங்குடைமை தானாகக் கம்பனியாக மாறாது. புதுக் கம்பனி பதிந்து, சொத்தை அதற்கு மாற்ற வேண்டும். கம்பனிப் பதிவு இப்போது இணையத்தில்: படிவம் 1, இயக்குநர் சம்மதத்துக்குப் 18, செயலாளருக்கு 19. பின்னர் இயக்குநர் மாறினால் படிவம் 20. பழைய வியாபாரப் பெயரை நிறுத்துவது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கேட்டுச் செய்ய வேண்டியது.

ஊழியர் சேமலாப நிதி (ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம்), நம்பிக்கை நிதி (முதலாளி 3 வீதம்) இரண்டுக்கும் புதுக் கம்பனியின் பெயரில் பதிய வேண்டும். பழைய சேவைக்காலம் தொடரும் என்று ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மூன்று பிரிவு, பிரிவுக்கு ஆறு பேர்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தால் மொத்தம் பதினெட்டு என்பதை மறக்காதீர்கள்.

எப்போது மாற்றுவது? வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, ஆகவே கணக்கை அன்று மாற்றுவது வசதி. ஆனால் உப்புவெளியில் அதற்குப் பிறகுதான் சீசன் சூடு பிடிக்கும். புது வேலை முறையை மழை ஓய்ந்து ஆட்கள் ஆறுதலாக இருக்கும் தை, மாசியிலேயே ஓட்டிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை

கிண்ணியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கட கடையில மூன்று பேர்தான், ஒருத்தரே மூன்று பெட்டியில வாறார். பரவாயில்லையா?" பரவாயில்லை. ஆளை வைத்துப் பெட்டி போடாமல் வேலையை வைத்துப் போட்டால், நாலாவது ஆள் வரும்போது எந்தப் பெட்டியைக் கொடுப்பது என்று தெரியும். ஆனால் காசு வாங்குபவரும் அதைக் கணக்கில் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம், சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

இன்னொருவர் சொன்னது எங்கள் பட்டியலிலும் இல்லாதிருந்தது: பொறுப்பாளர் லீவில் போனால் யார்? இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே பதில் கடமை பார்ப்பவரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. அவருக்கு எந்தத் தொகை வரை அதிகாரம் என்பதையும் எழுதுங்கள். வங்கியில் கையொப்பம் வைப்பவர்களின் பட்டியலையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் எழுதிய காசோலை திரும்பி வரும்.