மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே சைக்கிள்

சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்புகள் எழுந்தபிறகு, வளசரவாக்கத்திலிருந்து வடபழனிக்கு நான் உள்தெருக்களில்தான் சைக்கிளில் போகிறேன். மாற்றுப்பாதைப் பலகைகள் காருக்கும் பஸ்ஸுக்கும் எழுதப்பட்டவை. அவற்றை நம்பினால் வீண் சுற்று. புதுப் பாதையை ஞாயிறு காலையில் ஓட்டிப் பாருங்கள். முட்டுச்சந்தும் தெருநாய்களும் அப்போதே தெரிந்துவிடும். ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ளுங்கள்.

பள்ளத்தை மூடிய இரும்புத் தகடுதான் பெரிய வில்லன், அதுவும் மழையில். முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். விளிம்புக்கு இணையாக ஓட்டினால் சக்கரம் சறுக்கும்.

தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடம் தெரிந்தாலும் நுழையாதீர்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் காத்திருக்கட்டும். லாரி வெளிவரும் வாயிலில், கொடி பிடித்த ஊழியர் கைகாட்டிய பிறகே நகருங்கள்.