ஓடிபி கேட்காத ஊரில் இலவச சாம்பிள்: டெல்டாவிலிருந்து கிளம்புபவர்களுக்கு

ஊரில் ஆன்லைனில் எதை வாங்கினாலும் கடைசியில் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் கார்டிலிருந்து பணம் போகும். 2009 ஆகஸ்டிலிருந்து ரிசர்வ் வங்கி இந்த இரண்டாவது பூட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. இன்று கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கமிருந்து வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் இதில்தான் பழகி வளர்ந்தவர்கள். யூபிஐ என்றால் பின் நம்பர், கார்டு என்றால் ஓடிபி. அதனால் ‘கார்டு நம்பரைக் கொடுத்தால் என்ன, ஓடிபி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற தைரியம் நமக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் அந்தத் தைரியம் உதவாது. அங்கே கார்டு நம்பர், காலாவதித் தேதி, பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்கம், இவை ஒருவனிடம் போய்விட்டால் பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். போனுக்கு எதுவும் வராது. இன்று எடுத்தவன் அடுத்த மாதமும் எடுக்கலாம். புதிதாகப் போனவர்கள் இலவச சாம்பிள் விளம்பரங்களில் சிக்குவதற்குப் பேராசையைக் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை யாரும் சொல்லி அனுப்பாததுதான் முக்கியக் காரணம்.

நான் நியூஜெர்சியில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். ஆடி முடியும் சமயத்தில் எம்.எஸ். படிக்கக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்து, என்ன எடுத்துப் போகலாம், என்ன கேட்டுக்கொள்ளலாம் என்று விசாரிப்பார்கள். பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவன் டெக்சாஸ் போய்ச் சில வாரத்தில் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் முடி கொட்டுகிறது என்று தேடியிருக்கிறான். உடனே ‘முடி சீரம், ஒரு பாட்டில் இலவசம், ஷிப்பிங் மட்டும் 4.95 டாலர்’ என்று விளம்பரம் வந்திருக்கிறது. கொடுத்துவிட்டான். இப்போது கணக்கில் 89 டாலர் போயிருக்கிறது, நம் காசில் ஏழாயிரத்துக்கு மேல். “அண்ணே, நான் எதுவுமே வாங்கலையே” என்றான்.

இருவரும் வீடியோ காலில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே படித்தோம். உச்சியில் பெரிய ஆரஞ்சு பொத்தான்: ‘என் இலவச பாட்டிலை அனுப்புங்கள்’. பக்கத்தில் ஓடும் கடிகாரம், இன்னும் நாலு நிமிடம்தான் என்கிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. கார்டு விவரம் போடும் கட்டத்துக்குக் கீழே, வெள்ளையில் வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணை இடுக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில் ஒரு பத்தி. ஆர்டர் செய்த நாளிலிருந்து 14 நாள் சோதனைக் காலம். அதற்குள் ரத்து செய்யாவிட்டால் முதல் பாட்டிலுக்கு முழு விலை. அதன்பின் மாதம் ஒரு பாட்டில், அதற்கும் முழு விலை. ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறது.

அந்த 14 நாள் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பார்சல் கையில் வந்த நாளிலிருந்து எண்ணுவது இல்லை, ஆர்டர் செய்த நாளிலிருந்து எண்ணுவது. ஒன்றாம் தேதி ஆர்டர் செய்தால் பார்சல் எட்டாம் தேதியோ பத்தாம் தேதியோ வரும். நாலு நாள் தேய்த்துப் பார்ப்பதற்குள் காலம் முடிந்துவிடும். திருப்பி அனுப்பலாம் என்றால் முதலில் போன் செய்து ஓர் அனுமதி எண் வாங்க வேண்டும். போனில் நெடுநேரம் காத்திருந்தால் ஒருவர் வந்து ‘பாதி விலைக்குத் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார். வங்கி ஸ்டேட்மென்ட்டில் சீரத்தின் பெயர் இருக்காது. சம்பந்தமில்லாத நாலு எழுத்தும் ஒரு போன் நம்பரும் இருக்கும். அதனால் பலர் முதல் மாதம் கவனிக்கவே மாட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரத்தில் செய்வது கார்டை மாற்றுவது. அது மட்டும் போதாது. கார்டு நிறுவனங்கள், வாடிக்கையாளருக்குச் சிரமம் வேண்டாம் என்று, புதுக் கார்டின் எண்ணை மாதாமாதம் பணம் எடுக்கும் வணிகர்களுக்குத் தாமாகவே தெரிவிக்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. உங்களைச் சந்தாவில் சேர்த்த சீரம் கம்பெனிக்கும் அது போய்ச் சேரலாம். வங்கி ஆப்பில் கார்டைத் தற்காலிகமாகப் பூட்டினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாதக் கட்டணம் பல வங்கிகளில் நிற்பதில்லை. எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ‘ரத்து செய்கிறேன், இனி பணம் எடுக்க அனுமதி இல்லை’ என்று எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வங்கியை அழைத்து, இந்த வணிகரிடமிருந்து வரும் கட்டணத்தை நிறுத்துங்கள் என்று சொல்லி, எடுத்த தொகைக்கு டிஸ்ப்யூட், அதாவது ‘இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை’ என்ற ஆட்சேபம், போடுங்கள். சாம்பல் எழுத்துப் பத்தியோடு அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதையும் கொடுங்கள்.

கிரெடிட் கார்டாக இருந்தால் அந்தக் கட்டணம் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் டிஸ்ப்யூட் போட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. வங்கி விசாரிக்கும் வரை அந்தத் தொகையை நீங்கள் கட்டத் தேவையில்லை. டெபிட் கார்டு என்றால் பணம் ஏற்கெனவே கணக்கை விட்டுப் போயிருக்கும். விசாரணை முடிந்து திரும்பும் வரை வாடகைக்குத் தட்டுப்பாடு. புதிதாகப் போனவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் டெபிட் கார்டுதான் என்பது இதில் வேதனை. முதல் கிரெடிட் கார்டு கிடைக்கும் வரை பெயர் தெரியாத எந்த வலைப்பக்கத்திலும் டெபிட் கார்டை நுழைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் கட்ட மறுத்தால் ‘வசூல் நிறுவனத்துக்கு அனுப்புவோம், உங்கள் விசாவுக்குச் சிக்கல் வரும்’ என்று சிலர் போனில் மிரட்டுவார்கள். நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் பயந்து கட்டிவிடுகிறார்கள். கார்டு கட்டணத்தில் டிஸ்ப்யூட் போடுவதற்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சட்டம் உங்கள் பக்கம். 2010-இல் வந்த ரோஸ்கா சட்டப்படி, இணையத்தில் இப்படிச் சந்தாவில் சேர்க்கிறவர்கள் நிபந்தனைகளைக் கார்டு விவரம் வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும், வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும், எளிதாக நிறுத்த வழி தர வேண்டும். கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்டிசியின் வலைத்தளத்தில் புகார் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. பாபநாசம் பையன் மின்னஞ்சலும் டிஸ்ப்யூட்டும் ஒரே நாளில் போட்டான். 89 டாலர் திரும்பி வந்தது, அந்த 4.95 மட்டும் போனது போனதுதான்.

கிளம்புவதற்கு முன்பே ஊரில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நம் வங்கிகள் தரும் புதிய கார்டுகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டும் திறந்து வரும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாம்தான் ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம், விசா கட்டணம் கட்டுவதற்காக அப்பாவின் கார்டில் அதைத் திறந்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். வெளிநாட்டு வலைத்தளம் நம் ஊர்க் கார்டிலும் ஓடிபி இல்லாமலே எடுத்துவிட முடியும்.

சரி, நிஜமான இலவசமே கிடையாதா? நிறைய உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் நடக்கும் நெல் திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசமாகக் கொடுப்பார்கள். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை விதையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். கொடுப்பவர் யார், எதற்குக் கொடுக்கிறார், பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார் என்ற மூன்றும் வாங்குகிறவனுக்குத் தெரியும். நல்ல நிறுவனங்கள் தரும் சாம்பிளும் அப்படித்தான். தங்கள் பொருளை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று தருகிறார்கள். தங்கள் சொந்த வலைத்தளத்தில் பெயரும் முகவரியும் மட்டும் கேட்பார்கள், ‘இருப்பு உள்ளவரை’ என்பார்கள், சிறிய பாக்கெட் வரும், அதுவும் மெதுவாக வரும். ஷிப்பிங்கையும் அவர்களே ஏற்பார்கள். கார்டு கேட்க மாட்டார்கள். கேட்டால் அங்கே விற்பனை நடக்கிறது என்று அர்த்தம், அந்த நிமிடமே பக்கத்தை மூடிவிடலாம்.

குழந்தை பிறக்கப் போகிறவர்கள் டயப்பர், பால் பவுடர் சாம்பிளுக்கு இணையத்தில் அலைய வேண்டியதில்லை. மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள். சாப்பாட்டுச் சாம்பிள் காஸ்ட்கோ கடையிலேயே தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். பாத்திரம், மேசை, குளிர் கோட்டு போன்றவற்றுக்கு ‘பை நத்திங்’ என்ற அக்கம்பக்கக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் ‘டெலிவரி சார்ஜ் மட்டும் முதலில் அனுப்புங்கள்’ என்பவரை விட்டுவிடுங்கள்.

விளம்பரம் பெரிய பிராண்டின் பெயரில் வந்தால் முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், டாட் காமுக்கு ஒட்டி இடப்பக்கம் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் உரிமையாளர். பிராண்டின் பெயர் அதற்கும் முன்னால், தள்ளி நின்றால் அது வெறும் ஒட்டு. பூட்டுச் சின்னம் இருப்பது இணைப்பு மறைகுறியாக்கப்பட்டது என்பதை மட்டும் காட்டும். திருடனும் அந்தப் பூட்டை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கீழே ‘எனக்கு வந்துவிட்டது, நன்றி’ என்று கமெண்ட் போட்டவர்களின் பெயரைத் தட்டிப் பாருங்கள். போலிப் பக்கத்தில் எந்தப் பெயரைத் தட்டினாலும் அதே ஆர்டர் பக்கம் திறக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி ஆகியவை ஒரு ஷாம்பூ பாக்கெட்டுக்குத் தேவைப்படாது. ‘நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் 100 டாலர் கிஃப்ட் கார்டு’ வகையில் கேள்வி முடிந்ததும் ஐந்து சந்தாவில் சேரச் சொல்வார்கள். கார்டு கடைசியில் வரும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். அங்கே ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு உண்டு, அதனால் வலை வேறு விதமாக விரிக்கப்படுகிறது. 2023-இல் சிங்கப்பூர் போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரித்த முறை இது. ஃபேஸ்புக்கில் மலிவு விலைச் சாப்பாட்டுப் பொருளோ வீடு சுத்தம் செய்யும் சலுகையோ விளம்பரமாக வரும். விசாரித்தால் வாட்ஸ்அப்புக்கு அழைப்பார்கள். ஆர்டர் செய்ய ‘எங்கள் ஆப்’ என்று ஒரு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்) அனுப்புவார்கள். பிளே ஸ்டோரில் அது இருக்காது. நிறுவும்போது ‘அணுகல்தன்மை’ (ஆக்சஸிபிலிட்டி) அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் போன் திரையே அவர்கள் கையில். வங்கி பாஸ்வேர்டையும் வருகிற ஓடிபியையும் அவர்களே படித்துக்கொள்வார்கள். டார்மிட்டரியில் இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்தான் வைத்திருக்கிறார்கள், சம்பளமும் அதே போனில் உள்ள வங்கி ஆப்பில். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எந்த ஆப்பையும், ஊர்க்காரன் அனுப்பினாலும், நிறுவாதீர்கள். ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சும் சேமிப்பை ‘மனி லாக்’ போன்ற ஏற்பாட்டில் வைத்துவிடுங்கள். அங்குள்ள பெரிய வங்கிகள் 2023 நவம்பரிலிருந்து அதைத் தருகின்றன. பூட்டிய பணம் இணையம் வழியாக வெளியே போகாது.

தவறி நிறுவிவிட்டால் உடனே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். சிங்கப்பூரில் சந்தேகம் கேட்க 1799. மலேசியாவில் பணம் போய்விட்டால் 997. பிரிட்டனில் இருப்பவர்கள் சந்தேகமான எஸ்எம்எஸ்ஸை 7726-க்கு அனுப்பலாம்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதே வலை தமிழில் வருகிறது. மூட்டுவலித் தைலம் இலவசம், கூரியர் மட்டும் 99 ரூபாய் என்று. பிஎம் கிசான் பெயரில் ஏபிகே ஃபைல் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. சோலார் பம்பு மானியம் என்று குசும் திட்டத்தின் பெயரில் போலி வலைத்தளங்கள் பதிவுக் கட்டணம் கேட்டிருக்கின்றன. சம்பா நடவுக்குக் கையில் வைத்திருக்கும் பணம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து நீங்கள் ஃபார்வர்ட் செய்தீர்கள் என்றால் பெற்றோர் யோசிக்காமல் தட்டிவிடுவார்கள். ஆகவே ‘இதை 20 பேருக்கு அனுப்பினால் பரிசு’ வகைச் செய்தி எதையும் குடும்பக் குழுவில் போடாதீர்கள். பணம் போய்விட்டால் அவர்களையே ஊரிலிருந்து 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும், சீக்கிரம் சொன்னால் நடுவில் முடக்க வாய்ப்பு அதிகம். மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல், பாஸ்புக்கோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.