வீட்டு வரி: எப்போது, யாரிடம், எப்படிப் பேசுவது

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். வீட்டு வரி பற்றிக் கேட்க அண்டை அயலார் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்டுக் கடைசியிலும்தான். இரண்டு தவணைகளுக்கும் கெடு முடியும் நேரம் அது. "அக்கா, இவ்வளவு போட்டிருக்கிறார்களே, எங்கே போய்க் கேட்பது?" என்கிறார்கள். கேட்க வேண்டிய காலம் அதற்குப் பல மாதங்கள் முன்பே கடந்துபோயிருக்கும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பில்லை எடுத்து இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று வீட்டின் ஆண்டு மதிப்பு. மற்றது வரி விகிதம். ஆண்டு மதிப்பு என்பது, வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற கணிப்பு. நீங்களே குடியிருந்தாலும் கணக்கு அப்படித்தான். மாதம் 1,000 வெள்ளி வாடகை போகும் வீடு என்றால் ஆண்டு மதிப்பு 12,000. விகிதம் 6 விழுக்காடு என்றால் வரி 720 வெள்ளி. அதே வீட்டின் மதிப்பை 18,000 என்று உயர்த்தி, விகிதத்தை 4 விழுக்காடாகக் குறைத்தாலும் வரி அதே 720தான். மதிப்பு ஏறியதைப் பார்த்துப் பதறுகிறவரும், விகிதம் இறங்கியதைப் பார்த்து மகிழ்கிறவரும் பாதி பில்லைத்தான் படிக்கிறார்கள்.

வீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. நில வரி இதில் சேராது. அது மாநில நில அலுவலகத்துக்குப் போகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான கவுண்டரில் வரிசை பிடித்து நிற்பவர்கள் நிறைய.

6, 4 என்ற எண்களை நான் சும்மா எடுக்கவில்லை. 2013 நவம்பரில் கோலாலம்பூரில் புதிய மதிப்பீட்டு நோட்டீஸ்கள் வந்தன. 1992க்குப் பிறகு அதுதான் முதல் மறுமதிப்பீடு. அத்தனை ஆண்டு ஏற்றமும் ஒரே தாளில் வந்து இறங்கியதும் தலைநகரமே கொதித்தது. ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. முடிவில் குடியிருப்பு வீடுகளுக்கு விகிதம் 6இலிருந்து 4 விழுக்காடாகவும், வணிகக் கட்டடங்களுக்கு 12இலிருந்து 10 விழுக்காடாகவும் இறங்கியது. புதிய வரி நடப்புக்கு வருவதற்கு முன்பே மக்கள் பேசியதால்தான் அது முடிந்தது.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, வீடுகளின் ஆண்டு மதிப்பு அடங்கிய மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். இங்கே பினாங்குத் தீவில் 2005க்குப் பிறகு புதிய மதிப்பீடு 2020இல்தான் நடப்புக்கு வந்தது. நீண்ட இடைவெளி மக்களுக்குச் சலுகை போலத் தெரியும். எனக்கு அது கொடுமையாகத்தான் படுகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சிறிதாக ஏறினால் ஓய்வூதியக்காரர் சமாளித்துக்கொள்வார். பதினைந்து ஆண்டு ஏற்றத்தை ஒரே மூச்சில் சுமக்கச் சொன்னால் என்ன செய்வார்?

ஆக, பேச வேண்டிய இடங்கள் இரண்டு. மதிப்பு தவறு என்றால் தனி ஆளாக ஆட்சேபக் கடிதம். விகிதம் அதிகம் என்றால் பட்ஜெட் காலத்தில், ஊராகச் சேர்ந்து.

கடிதத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தோற்கிறார்கள். கடிதத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டதையும், தெருவிளக்கு எரியாததையும், மகன் வேலை இழந்ததையும் எழுதுகிறார்கள். எல்லாமே உண்மையான வேதனைகள். ஆனால் சட்டம் ஏற்கும் காரணங்கள் வேறு: வீடு அதன் தகுதிக்கு மேல் மதிப்பிடப்பட்டிருக்கிறது, வரி விதிக்கவே கூடாத சொத்துக்கு விதித்திருக்கிறார்கள், சேர்த்து மதிப்பிட வேண்டியதைப் பிரித்தோ பிரிக்க வேண்டியதைச் சேர்த்தோ மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பன போன்றவை. சாக்கடைக்குத் தனிப் புகார் கொடுங்கள். வருமானம் இல்லாதவர்கள் தள்ளுபடி கேட்டுத் தனி விண்ணப்பம் எழுதுங்கள்.

நோட்டீஸில் பட்டியலை மறுஆய்வு செய்யத் தொடங்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு 14 நாள்களுக்கு முன்பே உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கெடு தவறினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பயனில்லை. பட்டியலை எங்கே பார்க்கலாம் என்பதும் அறிவிப்பில் இருக்கும். கட்டாயம் போய்ப் பாருங்கள். உங்கள் வரிசையில் அதே அளவு, அதே அமைப்புள்ள வீடுகளுக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூலை வீட்டுடன் நடு வீட்டை ஒப்பிடாதீர்கள். மாடி கட்டிய வீட்டுடன் பழைய ஒற்றைத் தள வீட்டையும் ஒப்பிடாதீர்கள்.

ஆதாரம் என்றால் வாடகைதான் முதல் ஆதாரம். பக்கத்து வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால், முத்திரைத்தீர்வை கட்டிய வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பழகிய அண்டை வீட்டார் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் அதே தெருவின் வாடகை விளம்பரங்களைத் தேதியோடு அச்செடுங்கள். கூரை ஒழுகுவது, சுவர் வெடித்திருப்பது, வீட்டு முன்னால் சந்தை லாரிகள் நிற்பது என வாடகையைக் குறைக்கும் எதுவானாலும் படம் எடுங்கள். வேறு மாநிலத்தில் இருக்கும் என் நாத்தனாரின் வீட்டுப் பதிவில் பின்பக்கம் கூடுதல் அறை கட்டியதாக இருந்தது. அங்கே இருந்தது துணி காயப்போடத் தகரம் வேய்ந்த சாய்ப்பு மட்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தையும் நான்கு படங்களையும் நீட்டியதும் அதிகாரி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்.

கடிதம் மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். கணக்கு எண், வீட்டு முகவரி, அவர்கள் போட்ட மதிப்பு, நீங்கள் நியாயம் என்று கருதும் மதிப்பு, அதற்கான காரணம், இணைப்புகள். உங்கள் மதிப்பை எண்ணாக எழுதாமல் "தயவுசெய்து குறைக்கவும்" என்று மட்டும் எழுதினால், அதிகாரி எதை வைத்து முடிவு செய்வார்? நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். ஆட்சேபம் தெரிவித்தவருக்கு நேரில் பேசும் உரிமை உண்டு. போக முடியாத முதியவர்கள் பிள்ளையையோ வேறு ஒருவரையோ எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். முடிவு திருப்தி தராவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் சாதாரண வீட்டுக்கு வழக்கறிஞர் செலவே வரியைத் தாண்டிவிடும். அதனால் முழு உழைப்பையும் முதல் கடிதத்திலேயே போடுங்கள்.

இதற்கிடையில் வரி கட்டுவதை நிறுத்தாதீர்கள். பாக்கி விழுந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்லும் ஈ பாரம் நோட்டீஸும் பிறகு எஃப் பாரம் ஜப்தி ஆணையும் வரும். ஆட்சேபம் இருக்கிறது என்பது அதைத் தடுக்காது.

விகிதத்துக்கு வருவோம். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு. நடப்பில் அதற்கு வெகு கீழேதான் இருக்கிறது. மன்றம் முடிவு செய்து, மாநில அரசு ஒப்புதல் தருகிறது. மன்ற உறுப்பினர்கள் நாம் வாக்களித்து வந்தவர்கள் அல்லர். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன, 1976 சட்டம் அதை நிரந்தரமாக்கியது. இங்கே பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் 1957இல் மாநகரமான பிறகு மேயராக இருந்த டி. எஸ். இராமநாதன், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் மேயர். 2023இல் ஏ. இராஜேந்திரன் மேயரானபோது நாங்கள் மிகவும் மகிழ்ந்தோம். ஆனால் இன்று அந்தப் பதவி நியமனம். வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் கோரிக்கை மனுவுக்குத்தான் கனம் வேண்டும்.

அடுத்த ஆண்டின் பட்ஜெட் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறிவிடும். ஆகஸ்டிலேயே உங்கள் பகுதிக் கவுன்சிலரைச் சந்தியுங்கள். மனுவின் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும், ஊராட்சித் துறைக்குப் பொறுப்பான மாநில ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் கொடுங்கள். கோலாலம்பூரில் கவுன்சிலர்களே இல்லை, ஆலோசனை வாரியம்தான் உண்டு. அங்கிருப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும்.

"வரியைக் குறை" என்று மட்டும் கேட்கும் மனுவில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. குப்பை அள்ளும் பொறுப்பை மத்திய அரசுக்கு மாற்றும் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை. இங்கே குப்பை அள்ளுவது மன்றத்தின் பொறுப்பு, அந்தச் செலவும் இந்த வரியிலிருந்துதான். எந்தச் செலவைத் தள்ளிப் போடலாம், எதைத் தொடக்கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் சங்கம் பின் சந்துச் சாக்கடைகளைத் தொடக்கூடாத பட்டியலில் முதலில் வைக்கிறது. மழை வந்தால் வீட்டுக்குள் வருவது அந்தத் தண்ணீர்தான்.

மன்றத்தின் முழுக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் செய்தியாளர்களும் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. மன்றம் தீர்மானம் போட்டு மறுத்தால் ஒழிய, கதவு திறந்தே இருக்கும். குழுக் கூட்டங்களுக்கு இந்த உரிமை இல்லை. தீவில் கூட்டம் பாடாங் கோத்தா திடல் எதிரே உள்ள சிட்டி ஹாலில் நடக்கிறது. நமக்குப் பேச அனுமதி இல்லை, உட்கார்ந்து கேட்கலாம். முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று பேராகப் போங்கள். உங்கள் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட தொகை எதற்கு, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆகஸ்டில் கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது, அதில் எந்த வேலை நடந்தது, எது நடக்கவில்லை என்று படத்தோடு அந்தத் தாளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.