அடுத்த கார் பெட்ரோலா, சிஎன்ஜியா, மின்சாரமா? நோட்டில் போட்டுப் பார்க்கும் கணக்கு

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், தெருவில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, இப்போது ஓட்டும் கார், இவை இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: உங்கள் காரின் உண்மையான மைலேஜை அளந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் வரும் மைலேஜ் பொய்யில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த எண். அந்தச் சோதனையில் வேகம் 90 கி.மீ.க்கு மேல் போகாது, மாட்டு மந்தையும் குறுக்கே வராது. டிஸ்ப்ளே காட்டுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என் காரில் அது 17 என்றது, நான் அளந்தபோது 15தான் வந்தது.

அளப்பது எளிது. டேங்கை ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கி.மீ.யாவது ஓட்டிவிட்டு, அதே பங்க், அதே பம்பில் மறுபடியும் ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். "ரவுண்டா 2,500 ஆக்கிடவா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தக் கூடுதல் சொட்டுதான் கணக்கைக் கெடுக்கும். நான் ஓட்டியது 345 கி.மீ., நிரப்பியது 23 லிட்டர். வகுத்தால் 15. இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது. தொடங்குவதற்கு முன் டயர் காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

நம்மில் பலர் தவறுவது இங்கேதான். ஒரு கார் லிட்டருக்கு 10லிருந்து 12க்கு ஏறுகிறது, இன்னொன்று 20லிருந்து 25க்கு. எதில் மிச்சம் அதிகம்? இரண்டாவதில் என்றுதான் தோன்றும். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். முதல் கார் 10 லிட்டரிலிருந்து 8.3க்கு இறங்குகிறது, மிச்சம் 1.7 லிட்டர். இரண்டாவது 5லிருந்து 4க்கு, மிச்சம் 1 லிட்டர்தான். ஐரோப்பாவில் 100 கி.மீ. கணக்கில்தான் பேசுவார்கள். மைலேஜ் ஏற ஏற, ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் தருகிற லாபம் குறைந்துகொண்டே போகும்.

நோட்டில் எழுத வேண்டியது ஒரு கி.மீ.க்கு எத்தனை ரூபாய் என்பதை. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், 15 மைலேஜுக்கு 6.67 ரூபாய். கீழே வரும் விலைகளும் கணக்குக்காக வைத்தவைதான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: பெட்ரோலில் என்ன கலந்திருக்கிறது?

இப்போது நாம் போடுவது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. அதனால் காகிதக் கணக்கில் இ20இல் 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறைவு. பழைய கார் என்றால் இ20க்கு ஏற்றதா என்று கையேட்டில் பாருங்கள்.

பிரேசிலில் 2003லிருந்து இரண்டிலும் ஓடும் கார்கள் விற்கின்றன. அங்கே பங்கில் நிற்பவர்கள் மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல். நமக்குப் பெரும்பாலான பங்குகளில் அந்தத் தேர்வு இல்லை.

படி 4: மற்ற எரிபொருள்களை அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

சிஎன்ஜி, அதாவது அழுத்திய இயற்கை எரிவாயு, கிலோவில் விற்பது. கிலோவுக்கு 22 கி.மீ. என்றதும் மயங்க வேண்டாம். ஒரு கிலோவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் புத்திசாலியாகிவிடவில்லை, விலைதான் குறைவு. கிலோ 90 ரூபாய் என்றால் கி.மீ.க்குச் சுமார் 4.10. சிலிண்டர் டிக்கியை விழுங்கும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் என்றால் படி 1தான் மறுபடியும். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் பிடித்துக்கொள்வதால், நெரிசலில் ஓட்டுபவருக்குத்தான் பலன் அதிகம்.

மின்சாரக் காருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பேட்டரியில் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடினாலும், சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் வீணாகும். ஆகவே மீட்டர் கணக்கில் 6 என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல். அதில் என் கார் 15 கி.மீ. போகிறது, மின்சாரக் கார் 54 போகும். எஞ்சினில் பெரும்பங்கு ரேடியேட்டர், சைலன்சர் வழியே சூடாக வெளியேறுவதே காரணம். அனல்மின் நிலையத்திலும் அப்படி ஒரு சூடு வீணாகிறது என்பதால், சுற்றுச்சூழல் கணக்கில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதில்லை.

யூனிட் விலையில் ஒரு பொறி இருக்கிறது. கரண்ட் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுக்கக் கூடாது. காருக்கு ஆவது உங்கள் பழைய செலவுக்கு மேலே ஏறும் யூனிட், ஆகவே நீங்கள் இருக்கும் உச்ச ஸ்லாபின் விலைதான் அதற்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபுகளின் கணக்கும் சேர்ந்து மாறும். 10 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு 1.67. நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் 20 ரூபாய் கொடுத்தால் அதுவே 3.33.

ஹைட்ரஜன்? டொயோட்டா மிராய் 2014லேயே வந்துவிட்டது. ஆனால் நிரப்பும் நிலையம் இல்லாத ஊரில் அதை நோட்டில் எழுதிப் பயனில்லை.

படி 5: கூடுதல் விலையை மிச்சத்தால் வகுங்கள்

மின்சாரக் கார் 4 லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். கி.மீ.க்கு மிச்சம் 5 ரூபாய் (6.67இல் 1.67 போக). என் உறவினர் ஒருவர் செங்கல்பட்டிலிருந்து தினமும் ஸ்ரீபெரும்புதூர் போய்வருகிறார், மாதம் 2,400 கி.மீ. அவருக்கு மாதம் 12,000 மிச்சம்; 33 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். அதற்குள் வாரண்டியும் முடியாது, பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருஷம் தருகிறார்கள்.

நான் ஓட்டுவது மாதம் 600 கி.மீ. மிச்சம் 3,000. அப்போது 11 வருஷம் ஆகும். 95,000 அதிகம் கொடுத்துச் சிஎன்ஜி எடுத்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல். அதனால் இந்த வருஷம் கார் மாற்றவில்லை. மாதம் இரண்டு முறை டயருக்குக் காற்று பிடிக்கிறேன், அவ்வளவுதான்.