காளையோடு பிறந்த கிடேரியா? முதல் மாதமே அளந்து பாருங்கள்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஜெர்சி கலப்பு மாடு இரட்டை ஈன்றது. ஒன்று காளை, ஒன்று கிடேரி. காளையை விற்றுவிட்டு, கிடேரிக்குத் தவிடும் புண்ணாக்கும் போட்டு இரண்டரை வருசம் வளர்த்தேன். ஒருநாள்கூட பருவத்துக்குக் கத்தவில்லை, வழும்பு ஒழுகவில்லை. பக்கத்து மாடுகள் மேல்தான் தாவியது. டாக்டர் கைவிட்டுப் பார்த்து, கருப்பையே வளரவில்லை என்றார்.

சினையின் தொடக்கத்திலேயே இரண்டு கன்றின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஒட்டிக்கொள்கின்றன. காளையின் ஹார்மோன்கள் அந்த வழியாகக் கிடேரிக்குள் போய், கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாமல் செய்கின்றன. இதை 1917-லேயே ஃபிராங்க் லில்லி என்ற விலங்கியல் அறிஞர் விளக்கிவிட்டார். 1959-ல் அமெரிக்காவில் சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பெண்குட்டிகள் வளர்ந்த பிறகு, பெண் ஹார்மோன் ஊசி போட்டும் இணைசேர முதுகை வளைத்து நிற்கவில்லை. ஆணைப்போல ஏறப் பார்த்தன. அதைப் படித்தபோது என் கிடேரிதான் கண்முன் நின்றது.

காளையோடு பிறந்த கிடேரிகளில் 100-க்கு 90-க்கு மேல் இப்படித்தான் மலடாகின்றன. இரண்டும் கிடேரி என்றால் கவலை வேண்டாம். "ஆடு வருசா வருசம் ஆணும் பெண்ணுமாப் போடுது, ஒண்ணும் ஆகலியே" என்பார்கள். ஆட்டில் குழாய்கள் ஒட்டுவது அபூர்வம், அதை வைத்து மாட்டைக் கணக்குப் போடாதீர்கள்.

ஈன்ற அன்றே கிடேரியின் கழுத்தில் அடையாளக் கயிறு கட்டுங்கள். பிறப்புறுப்பின் கீழ்நுனியில் முடிக்கற்றை நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள், இல்லாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் டாக்டரை வரவழைத்து, பிறப்புறுப்பு உள்ளே எவ்வளவு நீளம் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். குச்சி எதையும் நீங்களே விடக் கூடாது, உள்ளே கிழிந்துவிடும்.

போன வருசம் என் சித்தி வீட்டுக் கன்றுக்கு அளந்தபோது பக்கத்தில் இருந்தேன். முனை மழுங்கிய மெல்லிய கண்ணாடிக் குழாயில் வழவழப்புக்குக் களிம்பு தடவி, மெதுவாக விட்டார். தட்டிய இடத்தில் நிறுத்தி, வெளியே நகத்தால் பிடித்து எடுத்து ஸ்கேலில் வைத்தார்: 6 செ.மீ. நல்ல கன்றுக்கு அந்த வயதில் 12 முதல் 15 வரை போகும். நடுவாந்திரமாக அளவு வந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காளையின் அணுக்கள் கிடேரி ரத்தத்தில் கலந்திருப்பது அதில் தெரியும்.

காரிமங்கலம் சந்தையில் கிடேரி பிடிப்பவர்கள், பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "இது ஒத்தையா, ரெட்டையா? கூடப் பிறந்தது என்ன?"