வாரண்டி முடிந்த பொருளும் நுகர்வோர் மனுவும்: வருபவர்கள் செய்துவிட்டு வரும் தவறுகள்

நுகர்வோர் அமைப்பு ஒன்றில் மனு எழுத உதவி செய்கிறேன். கோடை முடிந்ததும் ஏசி கோப்புகள் வரும். தீபாவளி கழிந்தால் கிரைண்டரும் மிக்ஸியும் வரும். முதல்முறை வழக்குப் போட வருபவர்கள், அந்தக் காலத்தில் நான் செய்த அதே தவறுகளைச் செய்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். பில்லைத் தொலைப்பது, வாரண்டி அட்டையில் கடை முத்திரை வாங்காமல் விடுவது ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்; தெரிந்தேதான் தொலைக்கிறார்கள்.

வாரண்டியோடு உரிமையும் போயிற்று என்று நம்புவது

இத்தனை மாதம் வரை இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்று தயாரிப்பாளர் தரும் உறுதிதான் வாரண்டி. கெடு முடிந்தால் இலவசம் முடிகிறது, அவ்வளவுதான். பொருளே குறையோடு விற்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறைபாட்டுக்குத் தரும் விளக்கத்தில் வாரண்டித் தேதி என்ற பேச்சே கிடையாது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டால் அது குறைபாடு. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் சுமை இப்போது உங்கள் தோளுக்கு வருகிறது. வாரண்டிக்குள் பழுது என்று சொன்னால் ஆள் வந்து பார்ப்பார். வாரண்டிக்குப் பிறகு, பழுதின் காரணம் தயாரிப்பிலேயே இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். எட்டு வருடம் உழைத்த இஸ்திரிப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

எரிந்த போர்டைக் கொடுத்தனுப்புவது

இதை மட்டும் நீட்டித்தான் எழுத வேண்டும். இத்தனை காலம் பார்த்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்காத தவறு இது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். அப்படியொரு கோப்பை வக்கீல் அலுவலகத்தில்கூடப் பார்க்க முடியாது. பில், பொருத்திய ரசீது, மின்னஞ்சல்கள் எல்லாம் தேதி வரிசையில் துளையிட்டு நூல் கோத்திருந்தன. ஏசி பதினைந்தாம் மாதம் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டர் ஆள் வந்து வெளி யூனிட்டின் போர்டை (மின்னணுச் சுற்றுப் பலகையை) மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். சில மாதங்களில் புதிய போர்டும் போயிற்று. அதற்கும் பணம். பழைய போர்டுகள் எங்கே என்று கேட்டேன். “அந்தத் தம்பியே எடுத்துக்கொண்டு போய்விட்டார் சார். கருகினதை வைத்து நான் என்ன செய்ய?” என்றார்.

நிறுவனத்தின் பதில் ஒரே வரி: மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வந்த சேதம். மறுத்துச் சொல்ல அந்தத் தடித்த கோப்பில் ஒரு தாளும் இல்லை. ஜாப் ஷீட்டில், அதாவது வந்த ஆள் செய்த வேலையை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாளில், ‘போர்டு பழுது, மாற்றப்பட்டது’ என்று மட்டும் கிறுக்கியிருந்தது. ஏன் பழுதாயிற்று என்பதற்கான கட்டம் காலி. அதன் கீழே ஆசிரியையின் அழகான கையெழுத்து.

சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, மனுவை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை கேட்கும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் மனுதாரரே கட்ட வேண்டியிருக்கும். கட்டுவதற்கு அந்த அம்மா தயார். அனுப்பத்தான் போர்டு இல்லை.

போர்டு யூனிட்டுக்குள் இருக்கும்போதே படம் எடுங்கள். யூனிட்டின் வரிசை எண் தெரிய ஒன்று. கழற்றியபின் இரண்டு பக்கமும். கருகிய இடத்தை மட்டும் நெருங்கி ஒன்று. உப்பிய கெப்பாசிட்டரா, ஈயப்பற்று விட்டுப்போன காலா, கருகிய ரிலேயா என்பதை விவரம் தெரிந்த மெக்கானிக் அந்தப் படத்திலிருந்தே ஓரளவு சொல்லிவிடுவார். நீங்கள் காசு கொடுத்துப் புதியது போட்டால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். ‘கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்’ என்பார்கள். வாரண்டிக்குள் இலவசமாக மாற்றும்போது அதுதான் நடைமுறை. பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்திருந்தாலும் சரி, பில்லில் அது தெரிய வேண்டும். இரண்டும் இல்லாமல் எடுத்துத்தான் போவேன் என்றால், பாகத்தின் எண்ணைப் போட்டு ‘எடுத்துச் செல்லப்பட்டது’ என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். காரணக் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை முடிந்து இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்காமல் ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள். சொன்ன நொடியில் அவர்கள் கணினியில் உங்கள் புகார் தீர்ந்துவிடும்.

நிறுவனம் பார்ப்பதற்கு முன்பே தெருமுனைக் கடையில் கொடுத்துத் திறப்பதும் இதே வகை. கைவைத்தது யார் என்ற கேள்வியிலேயே வழக்கு நின்றுவிடும்.

வேறொருவர் போர்டைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். இரண்டு முனைகளுக்கு நடுவே வால் ஒட்டிக் கருகிய பல்லி ஒன்றும் அதில் இருந்தது. பல்லி, எலி, பூச்சியால் வரும் சேதத்தை வாரண்டி நிபந்தனைகளில் விலக்கி வைப்பது வழக்கம். அதைத் தட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். பல்லி புகும் அளவுக்கு மூடியில் இடைவெளி விட்டது வடிவமைப்புக் குறைதானே என்று வாதாடினார். வாதம் எனக்குப் பிடித்திருந்தது. மனுவாக எழுதிக் கொடுக்கத்தான் துணிவு வரவில்லை.

பதினோராம் மாதப் புகாரை மறப்பது

ஃப்ரிட்ஜில் குளிர் இல்லை என்று வாரண்டிக்குள்ளேயே கூப்பிட்டிருப்பார்கள். வந்தவர் கேஸ் நிரப்பிவிட்டுப் போயிருப்பார். வாரண்டி முடிந்ததும் மறுபடி குளிர் போகும். இது புதிய பழுது என்று பணம் கேட்பார்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அது பழைய பழுதின் தொடர்ச்சிதான். வாரண்டிக்குள் சொல்லப்பட்டுத் தீராமல் கிடந்த பழுது என்று காட்ட முடிந்தால் மனு பாதி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காட்டுவதற்குத் தேவை புகார் எண் வந்த அந்தக் குறுஞ்செய்தி. அதைத்தான் போன் நிறைந்துவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள்.

பெரிய எழுத்தை மட்டும் படிப்பது

கதவில் ‘10 ஆண்டு’ என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு, வாஷிங் மெஷினில் மோட்டாருக்கு. கேஸ், கூலி, போக்குவரத்து தனி. இதன் மறுபக்கமும் உண்டு: ஒரு வருடம் முடிந்துவிட்டதே என்று, வாரண்டி இருக்கும் கம்ப்ரசருக்கே முழுப்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

ஸ்டெபிலைசர் பில்லை எறிவது

எறியாதீர்கள். நிறுவனத்தின் முதல் பதில் ‘வோல்டேஜ்’.

கடைக்கு வாங்கியதை வீட்டுக்கு என்று எழுதுவது

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்கும், முதல் வாய்தாவிலேயே பிடிபடும். பொய் தேவையும் இல்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தானே பயன்படுத்த வாங்கிய ஃப்ரீசருக்குச் சட்டமே விலக்கு தருகிறது. அதை அப்படியே எழுதுங்கள்.

கஸ்டமர் கேரில் சண்டை போடுவது

தொண்டைதான் வலிக்கும். மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கடிதம் எழுதியே காலத்தைக் கடத்துவது

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும், 69ஆம் பிரிவு. நீங்கள் நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ‘பதில் வரும் என்று காத்திருந்தேன்’ என்பதை நம்பி இருக்காதீர்கள். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்வது நல்லது. நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். ஆனால் அங்கே தீர்ப்புக் கிடைக்காது.

தீயையும் பழுதையும் ஒரே மனுவாக எழுதுவது

கீசர் சுடாமல் போனது வேறு. வெடித்துக் கையைச் சுட்டது வேறு. பொருள் ஆளுக்கோ வீட்டிலுள்ள மற்றப் பொருளுக்கோ தீங்கு செய்தால் அது சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் சொல்லும் உற்பத்திப் பொறுப்பின் கீழ் வரும்; குறையுள்ள பொருள் செய்த தீங்குக்கு இழப்பீடு தரும் பொறுப்பு அது. தயாரிப்புக் குறையும் வடிவமைப்புக் குறையும் அதில் தனித்தனியாக எண்ணப்பட்டுள்ளன. இந்த நிலையில் வாரண்டி அட்டையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சுவரைக் கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். தீயணைப்புத் துறை வந்திருந்தால் அவர்கள் அறிக்கையையும் மருத்துவமனைச் சீட்டையும் வாங்கி வையுங்கள்.

மிக்ஸிக்குப் பத்து லட்சம் கேட்பது

கோபம் புரிகிறது. பொருளின் விலை, மாற்றுக்குச் செலவழித்தது, அலைச்சல் என்று கணக்குச் சொல்லக்கூடிய தொகையைக் கேளுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தயாரிப்பாளரோடு விற்ற கடையையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம்.